எட்டே முக்கால்: ஜோகன்னஸ்பர்க்கில் தவறிப்போன ஒரு விமான நிலையப் பயணம்

சனிக்கிழமை காலை 8.32 மணிக்கு, ஜோகன்னஸ்பர்க்கின் வடபகுதியான சாண்ட்டனில் உள்ள ஒரு ஹோட்டலின் வாசலில், முன்பதிவு செய்யப்பட்ட கோம்பி, அதாவது ஒரு சிறு வேன், வந்து நின்றது. குறித்த நேரத்துக்குப் பதின்மூன்று நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட ஓட்டுநர், பெட்டிகளை ஏற்றுவதற்காகப் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று பயணிகளுக்காகக் காத்திருந்தார். அந்த மூவரோ முந்தைய இரவு அதே வாசலில் அதே வண்டிக்காகக் காத்திருந்து, அது வராமல் போகவே கிடைத்த கார்களில் ஓடி, ஆறு நிமிட வித்தியாசத்தில் விமானத்தைத் தவறவிட்டு, அந்தக் காலை நேரத்தில் மிட்ரண்டில் உள்ள என் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டுநர் தாமதிக்கவில்லை, ஹோட்டல்காரர்கள் முன்பதிவை மறக்கவில்லை, வண்டி நிறுவனம் ஏமாற்றவில்லை, பயணிகளும் அசட்டையாக இருந்துவிடவில்லை. இருந்தும் மூன்று பேரின் பயணம் ஒரு நாள் தள்ளிப்போனது. பயணிகள் என் உறவினர்கள் என்பதாலும், தவறில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதாலும், நடந்ததை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஹோட்டலின் பெயரும் வண்டி நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவைப்படாது.

பயணிகள்

என் மாமா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வயது எழுபத்திரண்டு. உடன் வந்தவர்கள் அத்தையும், மாமாவின் அக்காவான என் பெரியம்மாவும். பெரியம்மாவுக்கு எண்பத்தொன்று, சிறிது தூரம் நடப்பார், அதற்குமேல் சக்கர நாற்காலி வேண்டும். திருக்கடையூர்க்காரர்களான அவர்களுக்குத் தில்லையாடி பக்கத்து ஊர். 1914 பிப்ரவரி 22 அன்று, சிறையிலிருந்து நோயோடு வெளிவந்த சிறிது காலத்தில், பதினாறு வயதில் இறந்துபோன வள்ளியம்மை அடக்கமாகியிருக்கும் பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மாமா பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது நிறைவேறியது. மெல்ரோஸ் முருகன் கோயிலுக்கும் போனார்கள். பயணத் தொகையிலேயே ஹோட்டல் செலவும் அடங்கியிருந்ததால் என் வீட்டில் தங்காமல் சாண்ட்டனில் தங்கினார்கள்.

நான் பொறியாளன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே உள்ள எமலாஹ்லேனியில், பழைய ஆட்கள் இன்னும் விட்பேங்க் என்றே சொல்லும் நிலக்கரி ஊரில், மின் நிலையம் ஒன்றில் வேலை. அவர்கள் ஊருக்குத் திரும்பும் இரவில் எனக்கு இரவுப்பணி இருந்தது. ஆகவே கார் ஏற்பாட்டை ஹோட்டலிலேயே செய்துகொள்ளும்படி மாமாவிடம் சொன்னவன் நான்தான்.

வழியும் வண்டியும்

சாண்ட்டனிலிருந்து கெம்ப்டன் பார்க்கில் உள்ள ஓ.ஆர். தாம்போ விமான நிலையம் சாலை வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மார்ல்பரோ சாலையைப் பிடித்து, என்3 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, கில்லூலிஸ் என்னும் பெரிய சாலைச் சந்திப்பில் ஆர்24 சாலைக்கு மாறிக் கிழக்கே போக வேண்டும். நெரிசல் இல்லாத வேளையில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை மாலையில் அதைப்போல் இரண்டு பங்கு ஆகலாம். உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி தொடங்குவதற்கு மூன்று நாட்களுக்கு முன், 2010 ஜூன் 8 அன்று ஓடத் தொடங்கிய கௌட்ரெயின் என்னும் விரைவு ரயில் இதே தூரத்தைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடும். தனியாக, ஒரு கைப்பெட்டியோடு, பகலில் போகிறவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஐந்து பெட்டிகளோடும் சக்கர நாற்காலியோடும் இரவில் போகிற மூன்று முதியவர்களுக்கு அது பொருந்தாது.

‘டாக்சி பிடித்து வந்துவிடுங்கள்’ என்றும் இங்கே புதியவர்களிடம் சொல்லிவிட முடியாது. தென்னாப்பிரிக்காவில் டாக்சி என்றால் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்து போகும் பகிர்வு வேன். சாலையோரத்தில் நின்று விரலை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டும் குறியை வைத்துத்தான் அது நிற்பதா போவதா என்று முடிவாகும். நாம் நினைக்கிற வாடகைக் காருக்கு இங்கே ஷட்டில் அல்லது டிரான்ஸ்ஃபர் என்று பெயர். கூலிக்கு ஆள் ஏற்றும் ஓட்டுநருக்குச் சாதாரண உரிமத்தோடு தனியான தொழில்முறை அனுமதியும் வேண்டும். வண்டிக்கும் 2009ஆம் ஆண்டின் தேசியத் தரைப்போக்குவரத்துச் சட்டப்படி இயக்க உரிமம் வேண்டும். ஆகவே ஹோட்டல்கள் தெருவில் போகிற வண்டியை அழைப்பதில்லை. தங்களோடு ஏற்பாடு உள்ள நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுப்புகின்றன. அந்த நிறுவனம் ஓட்டுநருக்கு அனுப்புகிறது. பயணி சொன்ன ஒரு சொல் ஓட்டுநரின் காதுக்குப் போய்ச் சேருமுன் குறைந்தது இரண்டு கை மாறுகிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

முன்பதிவு

விமானச்சீட்டில் அச்சாகியிருந்தது இது: சனிக்கிழமை, 00.40. கிழக்காப்பிரிக்க நகரம் ஒன்றில் மாறி மும்பை போய், அங்கிருந்து சென்னை. விமானச்சீட்டுகளில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரமாகவே இருக்கும் என்பது மாமாவுக்குத் தெரியும். இந்தியாவுக்கும் இங்கேயும் உள்ள மூன்றரை மணி நேர வித்தியாசத்தில் அவர் ஒருபோதும் தடுமாறியதில்லை.

புதன்கிழமை மாலை மாமா ஹோட்டலுக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினார். சனிக்கிழமை 12.40க்கு விமானம், நான்கு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும், மூன்று பேர், ஐந்து பெட்டிகள், மடக்கும் சக்கர நாற்காலி ஒன்று, ஆகவே பெரிய வண்டி தேவை. செய்தி இவ்வளவுதான். பெட்டிகளின் அளவைக்கூட எழுதியிருந்தார். சுழிய மணி என்று ஒரு மணி அவர் பேச்சில் இல்லாததால், 00.40 அவர் கையில் இயல்பாகவே 12.40 ஆகிவிட்டது.

வரவேற்பு மேசையில் அதைப் படித்த இளைஞர் 12.40 என்பதை நண்பகல் என்று எடுத்துக்கொண்டார். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை நண்பகல் விமானத்துக்குக் காலையில் வண்டி கேட்பவர்கள்தான் பெரும்பாலோர். நான்கு மணி நேரத்தைக் கழித்து, கால் மணிக் கணக்குக்குச் சரிசெய்து, ‘சனி, 08.45, ஒரு கோம்பி, மூன்று பயணிகள்’ என்று உறுதிப்பதிவு அனுப்பினார். இங்கே மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் புள்ளிக்குப் பதிலாக ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்தை இட்டு எழுதும் வழக்கம் உண்டு. அந்தப் பதிவும் அப்படித்தான் இருந்தது. விமான எண் என்று ஒரு கட்டம் படிவத்தில் இருந்தது. அதை யாரும் நிரப்பவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மாமா அதைப் படித்தார். நள்ளிரவு 12.40க்கு நான்கு மணி நேரம் முன் என்றால் இரவு 8.40, அவர்கள் எட்டே முக்கால் என்று போட்டிருக்கிறார்கள், சரிதான். ‘சனி’ என்று இருந்ததைப் பார்த்தபோது, அது விமானத்தின் நாள் என்று எடுத்துக்கொண்டார். சீட்டிலும் சனி என்றுதானே இருக்கிறது! சென்னையில் உள்ள மகனுக்கும் எனக்கும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மகன் ‘ஓகேப்பா’ என்று பதில் போட்டார். நான் கட்டைவிரல் ஒன்றை உயர்த்தி அனுப்பினேன்.

வெள்ளி இரவு

அன்றைய நிகழ்ச்சிகளை மாமாவின் கைப்பேசியில் இருந்த அழைப்புப் பதிவுகளையும் கார் செயலியின் ரசீதுகளையும் வைத்து மறுநாள் கோத்துப் பார்த்தேன்.

20.45 மணிக்கு மூவரும் பெட்டிகளோடு முகப்புக்கூடத்தில் இருந்தார்கள். அறையைக் காலி செய்து, கணக்கும் தீர்த்தாகிவிட்டது. (வெள்ளி இரவு கிளம்புவதாக இருந்தும், அறைக்குச் சனி காலை வரை பணம் கட்டியிருந்ததால், கிளம்பும் நாளைப் பற்றிய ஐயம் ஹோட்டலின் கணினிக்கும் எழவில்லை.) 20.55க்கு மாமா மேசையில் கேட்டார். இப்போது அங்கே இருந்தவர் வேறு ஒருவர், இரவுப்பணிப் பெண். அன்றைய வண்டிப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை. அவர் வண்டி நிறுவனத்தின் இரவு எண்ணை அழைத்தார். எதிர்முனையில் எடுத்தவர் பார்த்துவிட்டு ‘ஜஸ்ட் நவ்’ அழைப்பதாகச் சொன்னார். அந்தப் பெண்ணும் அதையே சொன்னார்: ‘ஜஸ்ட் நவ்.’

மூவரும் மீண்டும் உட்கார்ந்துவிட்டார்கள். 21.50 வரை உட்கார்ந்திருந்தார்கள்.

21.50க்கு அத்தை என்னை அழைத்தார். “தம்பி, கார் இன்னும் வரலை. இப்பவே வந்துரும்னு சொன்னாங்க, ஒரு மணி நேரம் ஆகப்போவுது.” நான் தொலைபேசியை மேசையில் கொடுக்கச் சொல்லி, முன்பதிவை எழுத்துக்கு எழுத்து படித்துக்காட்டும்படி அந்தப் பெண்ணைக் கேட்டேன். சுழியம், எட்டு, நான்கு, ஐந்து. முன்னால் இருந்த அந்தச் சுழியத்தை அவர் உச்சரித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வண்டி நிறுவனத்தில் அந்நேரத்துக்கு விமான நிலையம் போகக்கூடிய கோம்பி எதுவும் இல்லை. செயலி வழியாக வரும் கார்கள் பெரும்பாலும் சிறியவை. ஐந்து பெட்டிகள் ஒன்றில் அடங்காது, இரண்டு கார்கள் வேண்டும். என் உறவினர்களின் கைப்பேசிகள் ஹோட்டலின் வைஃபையை நம்பியே இருந்ததால், மேசைப் பெண் தன் கைப்பேசியிலிருந்தே அழைத்துக் கொடுத்தார். அந்த உதவியை நான் மறக்கவில்லை. முதல் கார் 22.14க்கு வந்தது. இரண்டாவது ஓட்டுநர் பாதி வழியில் கைவிட்டார். மூன்றாவதாக அழைத்தது 22.40க்கு வந்தது. மாமாவும் கிளம்பாமல் முன்னால் போகப் பெரியம்மா மறுத்துவிட்டதால் முதல் கார் அதுவரை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஒருவழியாக அத்தையும் பெரியம்மாவும் ஒரு காரிலும், மாமா பெரும்பாலான பெட்டிகளோடு இன்னொன்றிலும் ஏறி 22.48க்குக் கிளம்பினார்கள்.

என்3 சாலையில் இரவு வேலைக்காக ஒரு தடத்தை மூடியிருந்தார்கள். முன்னால் போன பெண்கள் 23.28க்குப் பன்னாட்டு முனையத்தில் இறங்கினார்கள். மாமாவை அவருடைய ஓட்டுநர் உள்நாட்டு முனையத்தின் பக்கம் இறக்கிவிட்டார். மூவரின் கடவுச்சீட்டும் மாமாவின் தோள்பையில் இருந்தன. மாமா தள்ளுவண்டி தேடி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, இரண்டு முனையங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடந்து முகப்புக்கு வந்து சேர்ந்தபோது மணி 23.46. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அதாவது 23.40க்கு, விமான நிறுவனம் செக்-இன் பதிவை மூடிவிட்டது. மேசையில் இருந்தவர்கள் இன்னும் எழுந்துகூடப் போகவில்லை. ஆனால் மூடியது மூடியதுதான்.

எண் பொருந்தியதால் மறைந்த பிழை

மாமாவின் கணக்கும் ஹோட்டல் இளைஞரின் கணக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் விலகியிருந்தன. கடிகார முகத்தில் பன்னிரண்டு மணி நேரம் என்பது சுழியம்தான். இருவரும் தொடங்கியது 12.40 என்ற ஒரே எண்ணில். இருவரும் கழித்தது நான்கு. நான்குக்குப் பதில் மூன்றையோ ஐந்தையோ கழித்திருந்தாலும் இருவருக்கும் ஒரே விடைதான் வந்திருக்கும். விடை பொருந்தியதே சரிபார்ப்பு என்று மாமா நினைத்தார். வாழ்நாளெல்லாம் மாணவர்களுக்கு விடையைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்; இந்தக் கணக்கில் மட்டும் சரிபார்ப்பு எதையும் காட்டிக்கொடுக்காது என்பதை மறுநாள் காலை அவரே ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

பிழையைக் காட்டக்கூடிய குறிகள் அந்த உறுதிப்பதிவில் இரண்டு இருந்தன. ஒன்று, எட்டுக்கு முன்னால் இருந்த சுழியம். இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுதுகிறவர்கள் இரவு எட்டே முக்காலை 20.45 என்றுதான் எழுதுவார்கள். நம் ஊரில் இதற்கு ‘ரயில்வே நேரம்’ என்று பெயர். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். நான் அப்படிச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மின் நிலையத்தின் பணிமாற்றுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு இரவும் 20.45 என்று எழுதுகிற கை என்னுடையது. அந்தப் பதிவை நான் வேலையிடத்தில் பார்த்திருந்தால் ஒரு கணத்தில் பிடித்திருப்பேன். வாட்ஸ்அப்பில், குடும்பச் செய்திகளுக்கு நடுவில், தமிழில் ‘எட்டே முக்கால்’ என்று மனத்துக்குள் படித்துக்கொண்டு கடந்துவிட்டேன்.

மற்றொரு குறி ‘சனி’ என்ற நாள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழில் இரவு என்பது அதற்கு முன் கழிந்த பகலுக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணி என்று யாராவது சொன்னால், வெள்ளி பகல் முடிந்து வரும் இரவைத்தான் நாம் எண்ணுவோம். கடிகாரப்படி அது சனி பிறந்து ஒரு மணி நேரம் என்று திருத்துகிறவரை விதண்டாவாதம் செய்பவராகவே கருதுவோம். இது கவனக்குறைவான பேச்சும் அல்ல. பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. உதயம் முதல் மறு உதயம் வரை அறுபது நாழிகையும் ஒரே கிழமை. காலை ஆறு மணியை உதயமாக வைத்தால், விமானம் புறப்படும் 00.40 என்பது வெள்ளிக்கிழமையின் நாற்பத்தாறு நாழிகை நாற்பது விநாடிகை. அந்த நாள் முடியப் பதின்மூன்று நாழிகைக்கும் மேல் பாக்கி. நள்ளிரவில் கிழமை மாறுவது சீட்டிலும் அலுவலகத்திலும்தான். ஊரில் நள்ளிரவு தாண்டி வரும் ரயிலுக்கு ஒரு நாள் தாமதமாக நிலையத்துக்குப் போய் நின்றவர்களின் கதை எல்லார் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தப் பயணக் குழுவில் கடைசி வரை நாளைச் சரியாகச் சொன்னவர் பெரியம்மாதான். “வெள்ளிக்கிழமை ராத்திரிதானே கிளம்புறோம்?” என்று அவர் கேட்டபோதெல்லாம், “இல்லக்கா, டிக்கெட்ல சனின்னுதான் போட்டிருக்கு” என்று மாமா திருத்தியிருக்கிறார். கிளம்ப வேண்டிய இரவு எது என்பதில் மாமாவுக்கும் குழப்பமில்லை. எழுத்தில் சீட்டை மீறக்கூடாது என்ற கவனம் அவருக்கு. பெரியம்மா சொன்னபடி ‘வெள்ளி இரவு’ என்ற இரண்டு சொல்லை எழுதியிருந்தால் இளைஞர் தவறாகப் படித்திருக்க வழியே இல்லை. வெள்ளிக்கிழமை பெண்களை வீட்டிலிருந்து அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது; சனி என்று எழுதியதில் மாமாவுக்கு ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது என்று அத்தை பிற்பாடு என்னிடம் சொன்னார். நான் அதை மாமாவிடம் கேட்டுப்பார்க்கவில்லை.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் முக்கியம். மாமா வெறுமனே ‘வெள்ளி 12.40’ என்று எழுதி, இளைஞர் அதையும் நண்பகலாகவே படித்திருந்தால், வண்டி வெள்ளி காலை 8.45க்கு வந்து நின்றிருக்கும். அதுவும் பிழைதான், ஆனால் கையில் பன்னிரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு வெளிப்படுகிற பிழை. சிரித்துவிட்டு இரவு வரச் சொல்லியிருப்பார்கள். சீட்டில் இருந்தபடி நாளை எழுதியதால்தான் பிழை விமானத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

விமான எண் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு அழைத்துவரும் பயணத்துக்கு எந்த வண்டி நிறுவனமும் விமான எண் இல்லாமல் முன்பதிவு எடுக்காது. விமானம் தாமதமானால் காத்திருக்க வேண்டியது அவர்களுடைய ஓட்டுநர் அல்லவா? போகும் பயணத்தில் காத்திருப்பதும் தவறவிடுவதும் பயணியின் பாடு என்பதால், அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது. அந்த எண்ணை யாராவது ஒருமுறை தேடிப்பார்த்திருந்தால், அப்படி ஒரு விமானம் நண்பகலில் இல்லை என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

‘ஜஸ்ட் நவ்’

மேலே சொன்னதெல்லாம் வண்டி வராததற்குக் காரணம். விமானம் தவறியதற்கு அது மட்டும் போதாது. 20.55க்கே வேறு வண்டி தேடியிருந்தால், அதே இரண்டு கார்களில், அதே சாலை வேலையையும் கடந்து, முனையம் மாறி இறங்கிய பிறகும், பதிவு மூடுவதற்குக் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்திருப்பார்கள். தின்றது அந்த ஐம்பத்தைந்து நிமிடக் காத்திருப்பு. காத்திருக்க வைத்தது இரண்டே சொற்கள்.

தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போதே என்று பொருள் இல்லை. சற்றுப் பொறுத்து, முடிந்தபோது, இன்றைக்குள் ஏதோ ஒரு நேரம் என்று பொருள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் ‘நெட்நௌ’ என்ற சொல்லிலிருந்து வந்த வழக்கு என்பார்கள். அதைவிடக் கொஞ்சம் விரைவாக என்றால் ‘நவ் நவ்’. போக்குவரத்து விளக்கை ‘ரோபோட்’ என்று சொல்லும் ஊர் இது. அதைக் கேட்டுப் புதியவர்கள் சிரிப்பார்கள், உடனே பொருளும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ‘ஜஸ்ட் நவ்’ அப்படியல்ல; ஏற்கெனவே தெரிந்த சொற்கள் என்பதால் யாரும் பொருள் கேட்பதில்லை. இங்கே அதைச் சொன்ன இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பார்த்துவிட்டுப் பிறகு அழைப்பேன் என்றார் நிறுவனத்துக்காரர்; பிறகு அழைப்பார்களாம் என்றார் மேசைப் பெண். மாமாவின் காதில் அது ‘இதோ வந்துவிடும்’ என்று விழுந்தது. நம் ஊரில் வழியில் இருக்கிறேன் என்று சொல்கிறவர் இன்னும் குளித்துக்கொண்டிருப்பார் என்பது மாமாவுக்குத் தெரியும். அந்த அறிவை அவர் ஆங்கிலத்துக்கு நீட்டவில்லை.

இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு இந்தச் சொல்லை ஒருவர் விளக்கியிருக்கிறார். கல்லறைத் தோட்டத்துக்கு வழி, கோயில் நடை சாத்தும் நேரம், எந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பிய நான், இதை எழுதவில்லை.

சனிக்கிழமை

விமான நிலையத்தில் மறுநாள் இதே நேரத்து விமானத்துக்கு இடம் கிடைத்தது. மாற்றுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. மூவரும் இரவு ஒன்றரை மணிக்கு என் வீட்டுக்கு வந்து படுத்தார்கள். நான் வேலை முடிந்து காலை ஏழரைக்கு வந்தேன். 8.32க்கு ஹோட்டலில் வந்து நின்ற ஓட்டுநர், பயணிகள் இல்லை என்று கேள்விப்பட்டு, மேசையில் நான் கொடுத்திருந்த எண்ணை வாங்கி என்னை அழைத்தார்.

லெனேஷியாவைச் சேர்ந்தவர், தமிழ் வம்சாவளி. பேச்சில் தமிழ் இல்லை, உறவுச்சொற்கள் மட்டும் இருக்கின்றன. நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆயாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். அன்று இரவு வர முடியுமா என்று கேட்டேன். இந்த முறை நான் மிகக் கவனமாக, ஞாயிறு 00.40 விமானம், சனி 20.45க்கு வண்டி என்று ஒப்பித்தேன். அவர் அதை எழுதிக்கொண்டு, விமான எண்ணைக் கேட்டு, தன் கைப்பேசியில் தேடிப்பார்த்துவிட்டு, மேலும் ஒரு கேள்வி கேட்டார்: இன்று நீங்கள் தூங்கப் போவதற்கு முன்பா, தூங்கி எழுந்த பிறகா? முன்பு என்றேன். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை நள்ளிரவு விமானத்துக்கு ஏற்றும்போதெல்லாம் இதைக் கேட்டுவிடுவதாகச் சொன்னார். தேதியிலும் மணியிலும் தடுமாறுகிறவர்கள்கூட இதில் தடுமாறுவதில்லையாம்.

மிட்ரண்டிலிருந்து ஆர்21 சாலை வழியாகப் போவதால் என்3 சாலையையே தொட வேண்டியிருக்கவில்லை. இரவு 20.31க்கு வண்டி வந்தது. 21.20க்குள் மூவரும் பன்னாட்டு முனையத்தில் இறங்கிவிட்டார்கள்; கடவுச்சீட்டுகளை இந்த முறை ஆளுக்கொன்றாகக் கொடுத்து வைத்திருந்தேன்.

காலையில் வீணாய் வந்து போனதற்கு நிறுவனம் பாதிக் கட்டணம் கேட்டது. ஹோட்டலோடு வாதாடிப் பார்க்கலாம் என்று சொன்னேன். மாமா ஒப்பவில்லை. “அவர் கரெக்டா வந்தாரு மாப்பிள்ளை, நாமதான் இல்லை” என்று சொல்லி ரேண்ட் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். ஓட்டுநர் கொடுத்த ரசீதில் அந்தப் பழைய பதிவு அப்படியே இருந்தது: சனி, 08.45. மாமா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் பக்கத்தில் தமிழில் ‘காலை’ என்று எழுதி, மடித்து வைத்துக்கொண்டார்.